பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்

மதுரையில் நேதாஜி ரோட்டை ஒட்டி ஜான்சிராணி பூங்கா இருக்கிறது. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். எங்கள் வகுப்பில் இரண்டு ஜான்சிராணிகள் படித்தார்கள். குழப்பம் வராமலிருக்க டீச்சர் ஒருத்தியை ஜான்சி என்றும் இன்னொருத்தியை ராணி என்றும் கூப்பிடுவார். ஜான்சி என்பது பெண்ணின் பெயர் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். அது ஓர் ஊர், அந்த ஊரின் ராணிக்கு லட்சுமிபாய் என்று பெயர் என்பதெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில்தான் தெரிய வந்தது.

அக்காவுக்கு மத்திய அரசில் வேலை. சென்ற ஆண்டு அவர்களுக்குத் தில்லி லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. "வந்து பத்து நாள் இருந்துட்டுப் போடா" என்று மூன்று மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் மதுரையிலிருந்து நிஜாமுதீன் போகும் சம்பர்க் கிராந்தி ரயிலின் வழித்தடத்தைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. ஜான்சிராணி பூங்கா இருக்கும் ஊரில் ஏறி, ஜான்சியையும், அவள் 1858 ஜூனில் போரிட்டு இறந்த குவாலியரையும் கடந்து, அவள் பெயர் வைத்த குடியிருப்பில் போய் இறங்கலாம். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு நாட்டின் பாதியைக் கடக்கும் வழி அது.

ஜான்சியில் இறங்கிப் பெயர்ப் பலகையைத் தேடினேன். 2021 டிசம்பரில் அந்த நிலையத்துக்கு வீராங்கனா லக்ஷ்மிபாய் என்று பெயர் மாற்றினார்கள். வீராங்கனை என்றால் நமக்குச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம் ஞாபகத்துக்கு வரும், ஓடுகிறவளும் பந்து அடிக்கிறவளும். அங்கே அந்தச் சொல் வாளோடு நிற்கிறது. எங்கள் பெட்டியில் வந்த ஒரு பெரியவர் மூட்டையை இறக்கிக்கொண்டே பேரனிடம் ஊர்ப் பெயரைச் சொன்னார். புதுப் பெயரைச் சொல்லவில்லை. பழைய பெயரைத்தான் சொன்னார். ஆனால் அது நான் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஜான்சியும் இல்லை. முதல் எழுத்தோடு ஒரு மூச்சு சேர்ந்து வந்தது. நடுவில் நான் அழுத்திச் சொல்லும் 'ன்' இல்லவே இல்லை. நாக்கு எங்கும் முட்டாமல், ஆகாரத்தையே மூக்கு வழியாக விட்டதுபோல ஓர் ஒலி. 'ஜான்' என்பதற்கும் 'ஜா' என்பதற்கும் இடையில் எங்கோ அந்த ஊர் இருந்தது. ரயில் கிளம்பிய பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து மெல்லச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். குவாலியர் வருவதற்குள் ஓரளவு வந்தது.

நிஜாமுதீனில் ஆட்டோக்காரரிடம் "லட்சுமிபாய் நகர்" என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறை சொன்னேன். பிறகு "ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கத்தில்" என்றதும் முகம் தெளிந்து, "லக்ஷ்மீ... பா...யீ நகர்" என்று நீட்டிச் சொன்னார். பிழையைத் திருத்தும் தோரணை அவர் குரலில் இல்லை. தனக்குப் புரிந்ததைத் தனக்கே உறுதிப்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான். நான் சொன்னதில் 'க்ஷ' 'ட்சு'வாகிவிட்டது. நீள வேண்டிய 'மீ' குறுகி, 'பாயீ' வெறும் 'பாய்' ஆகிவிட்டது. எனக்கு ஒரே பெயராகக் கேட்டது அவர் காதில் வேறு பெயர்.

லக்ஷ்மிபாய் நகரைச் சுற்றியிருக்கும் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே பாதி விடுதலைப் போராட்ட வரலாறு வந்துவிடும். சரோஜினி நாயுடுவின் பெயரில் சரோஜினி நகர், ரஃபி அகமது கித்வாயின் பெயரில் கித்வாய் நகர், தாதாபாய் நௌரோஜியின் பெயரில் நௌரோஜி நகர், அந்தப் பக்கம் நேதாஜி நகர். கித்வாய் நகர் கிழக்கிலும் நௌரோஜி நகரிலும் பழைய தாழ்ந்த வீடுகள் போய் அடுக்குமாடிகள் வானை மறைத்து நிற்கின்றன. அக்கா இருக்கும் பக்கம் இன்னும் வேப்ப மரமும் கொடிக்கயிறும் தெரிகிற பழைய வரிசை. சாயங்காலத்தில் பெண்கள் வெளியே நாற்காலி போட்டு உட்காருகிறார்கள்.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. லக்ஷ்மிபாய் நகரிலேயே இருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கிறாள். 1923இல் தொடங்கிய அந்தக் கழகத்துக்குத் தில்லியில் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. வீட்டில் மதுரைத் தமிழ், வகுப்பில் ஒருவகைத் தமிழ், தெருவில் இந்தி என்று மூன்று வாய் அவளுக்கு. வந்த மறுநாள் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் என்னைத் தயார்ப்படுத்தினாள்.

"மாமா, ஆட்டோல கேக்கறப்ப சரோஜினின்னு சொல்லாதீங்க. சரோஜ்னின்னு சொல்லுங்க."

"பலகையில சரோஜினின்னுதானே எழுதியிருக்கு?"

"எழுதறது அப்படி. சொல்றது இப்படி."

"நீ ரெண்டையும் எப்படி வச்சுக்கறே?"

"தமிழ்ல பேசறப்ப சரோஜினி. இந்தில பேசறப்ப சரோஜ்னி. அதுவா வந்துரும் மாமா."

அவள் 'அதுவாக வரும்' என்றதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. தேவநாகரியில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்குள்ளும் ஓர் அகரம் அடங்கியிருக்கிறது. எழுத்தில் அது இருக்கும். இந்தி பேசும் வாய் சொல்லின் கடைசியில் அதை விட்டுவிடும். நடுவிலும் இரண்டு பக்கம் உயிரொலி தாங்கினால் பல இடங்களில் விட்டுவிடும். 'ராம' என்று எழுதி ராம் என்பார்கள், 'நகர' என்று எழுதி நகர் என்பார்கள். சரோஜினியில் விழுவது அகரம் இல்லை, இகரம். ஆனால் வேகமாகப் பேசும் நாக்குக்கு ஒரு குற்றுயிரைக் கடப்பதில் அத்தனை பேதம் இருப்பதில்லை. வியப்பு என்னவென்றால், 'நகர்' என்ற சொல் மட்டும் எங்கள் இருவர் வாயிலும் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கிறது. அவர்கள் கடைசி அகரத்தை உதிர்த்து அங்கே வந்து சேர்கிறார்கள். நாம் வல்லின ககரத்தை எழுதிவிட்டு, சொல் நடுவில் அதை மெலித்துச் சொல்லி அதே இடத்துக்கு வருகிறோம். எழுதியபடி ஒலிப்பது தமிழ் என்று பெருமையாகச் சொல்கிறோம். நம் ககரமும் தகரமும் இடத்துக்கு இடம் நிறம் மாறுபவை என்பதைத் தமிழ் பேசுகிறவருக்கு யாரும் கற்றுத்தருவதில்லை. அதனால் நமக்கு அது தெரிவதே இல்லை.

இந்த விதி என்னைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. கான் மார்க்கெட் பக்கம் சுப்பிரமணிய பாரதியின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அங்கே போகக் கேட்டபோது ஆட்டோக்காரர் 'பார்த்தி மார்க்' என்றார். பாரதியின் நடு அகரம் போய்விட்டது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் பலர் அந்த 'ஏ'யை விட்டுவிடுகிறார்கள். முதலில் நெஞ்சில் சுருக்கென்றது. அந்தப் பெயரை அகரம் குறையாமல் சொல்லியே வளர்ந்தவன் நான். பிறகு யோசித்தேன். காசியில் இளமைக் காலத்தைக் கழித்தவர் பாரதி, இந்தி கேட்ட காது அவருடையது. அந்தத் தெருக்களில் கலைமகளின் பெயராக இந்தச் சொல்லை இப்படித்தான் கேட்டிருப்பார். அந்தச் சுருக்கு அதோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது.

அக்கா வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அரவிந்தர் பெயரில் நீளமான சாலை ஓடுகிறது. நாம் அரவிந்தர் என்கிறோம். ஆங்கிலப் பலகையில் 'ஆரோபிந்தோ' என்று படிக்கும்படி எழுதியிருக்கிறது. வங்காளியின் வாயில் அகரம் ஒகரமாக உருளும், வகரம் பகரமாகும். அந்த வாய்மொழியைக் கேட்டு எழுதிய எழுத்து அது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் 'ஆரோ' வந்ததும் அந்த எழுத்து வழியாகத்தான். ஆரோவில்லைச் சுற்றியிருக்கும் தமிழ்க் கிராமங்களில் ஆரோவில் என்று சொல்கிறவர்கள் அந்த முதல் இரண்டு எழுத்துக்குள் ஒரு வங்காள உச்சரிப்பையும் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சாலையில் தெற்கே போனால் ஹௌஸ் காஸ். வெளியூரிலிருந்து வருகிற நம்மவர்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஹவுஸ் காஸ்' என்கிறார்கள். அது வீடு இல்லை, குளம். அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஏரி. தூர்ந்துபோனதை 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் தூர் வாரிக் கரையில் மதரஸாவும் கட்டினார், அவர் கல்லறையும் அங்கேதான். முதல் சொல்லின் கடைசி எழுத்து 'இசட்'டின் ஒலி, அடுத்த சொல்லின் 'கா'வும் தொண்டையின் அடியிலிருந்து உரசி வர வேண்டும். நம் எழுத்தில் இரண்டும் இல்லை, அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் 'ஹவுஸ்' என்று சொல்லும்போது பெயரோடு குளமும் போய்விடுகிறது. கரைப் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி அதை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏந்தல், தாங்கல், கண்மாய் என்று முடியும் எங்கள் ஊர்ப்பெயர்கள் எத்தனை! அவற்றை ஒரு தில்லிக்காரர் ஆங்கிலத்தில் படித்தால் அவருக்கும் தண்ணீர் தெரியப்போவதில்லை.

தில்லி என்ற பெயரே பெரிய கதை. தினமணி தில்லி என்று அச்சிடும், பல பத்திரிகைகள் டெல்லி என்கின்றன. டகரம் ஆங்கிலத்தின் 'டி' எழுத்திலிருந்து வந்தது, தகரம்தான் இந்தியின் ஒலி என்று எண்ணியிருந்தேன். இப்போது இந்தியில் கேட்பது தகரம்தான், சந்தேகமில்லை. ஆனால் பாலம் பகுதிப் படிக்கிணற்றில் கிடைத்த 1276ஆம் ஆண்டின் சமஸ்கிருதக் கல்வெட்டில் நகரத்தின் பெயர் டகர வரிசையின் மூச்சு ஒலியோடு தொடங்குகிறது. உருதுவில் எழுதும்போது தகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவில் ஹகரம் வரும், தெஹ்லி. ஆங்கிலம் அந்த ஹகரத்தை எடுத்து லகரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டது. அங்கே அதை உச்சரிப்பவர் ஒருவரும் இல்லை. 1994இல் கைவினைச் சந்தை ஒன்று ஐ.என்.ஏ. எதிரே திறந்தபோது, தில்லி சுற்றுலாத் துறை அதற்கு வைத்த பெயர் 'தில்லி ஹாட்'. ஆங்கிலப் பலகையிலும் வாயில் வருவதையே எழுதினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஒரு நாள் மச்சானோடு பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கக் 'குர்கான்' போனேன். 2016இலிருந்து அதிகாரப்பூர்வமாகக் குருகிராம். மெட்ரோவில் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன பெயரில் ரகரமே இல்லை. நாக்கு மேலண்ணத்தைத் தட்டிவிட்டு வருகிற டகரம், பின்னால் 'காவ்' என்று மூக்கில் முடியும் ஒலி. காவ் என்றால் கிராமம். இந்தியில் டகரத்துக்குக் கீழே புள்ளி வைத்து எழுதும் அந்த ஒலியை ஆங்கிலத்தில் 'ஆர்' போட்டு எழுதுவது வழக்கம். பஹாட்கஞ்ச் அப்படித்தான் பஹார்கஞ்ச் ஆயிற்று, சண்டிகட் சண்டிகர் ஆயிற்று. நம் 'வீடு', 'காடு' என்ற சொற்களின் டகரத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒலி அது! கையில் சரியான எழுத்தை வைத்துக்கொண்டு, ஆங்கிலம் போட்ட ரகரத்தைப் பார்த்து எழுதிவிட்டோம். பட்னாவைப் பாட்னா என்று நீட்டினோம். மும்பைக்குப் பக்கத்து 'டாணே'யைத் தானே என்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை அவரிடம் கேட்காமல், ஊரைவிட்டுப் போன தரகரின் நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைப் போன்றது இது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. பத்திரிகைகள் ஒரு தொலைபேசி அழைப்பில் சரிசெய்துவிடக்கூடிய விஷயம்.

நம் பெயர்கள் அங்கே படும் பாட்டுக்கும் காரணம் அந்த நோட்டுதான். தமிழர்கள் ஆங்கிலத்தில் தகரத்துக்கு 'டி'யோடு 'எச்' சேர்க்கிறோம். வடக்கே 'எச்' வந்தால் மூச்சு வர வேண்டும். ழகரத்துக்கு நாம் 'இசட் எச்' போட்டால் அவர்கள் இசட்டையே ஒலிக்கிறார்கள். கோழிக்கோட்டையும் ஆலப்புழையையும் இந்திப் பலகையில் எழுதும்போது கேரளத்தவர் அந்த இடத்தில் 'ஷ'வைப் போட்டுவிடுவது வழக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ழகரம் வெளியே நிற்கிறது.

இதையெல்லாம் ஆணை போட்டுச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டார் மச்சான். முயன்று பார்த்தோம். 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. நோக்கம் நல்லது. திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' என்று யாரும் எழுத வேண்டியதில்லை. ஆனால் வேலூரின் ஏகாரத்தைக் காட்ட இரண்டு 'ஈ' போட்டார்கள். ஆங்கிலம் படிக்கும் கண்ணுக்கு இரண்டு 'ஈ' என்றால் ஈகாரம். வேலூர் வீலூர் ஆயிற்று. எதிர்ப்பு எழுந்து, அதே மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. வெள்ளைக்காரர்கள் ஊர்ப்பெயர்களைச் சிதைத்தார்கள் என்று நாம் சொல்வது முழு உண்மை இல்லை. அவர்கள் திருநெல்வேலியை 'டின்னவெல்லி' என்று எழுதினார்கள். தாமிரபரணிக் கரையில் 'தின்னவேலி' என்று சொல்லும் கிழவிகளை நான் கேட்டிருக்கிறேன்.   எழும்பூரின் பழைய பெயர் எழுமூர், அந்த 'மூர்' எக்மோரின் வாலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புலவர் எழுதிய பெயரை விட்டுவிட்டு, சந்தையில் கேட்ட பெயரை எழுதிக்கொண்ட காதுகள் அவை. காது மழுங்கல்தான், ஆனால் கேட்டது நம் பாட்டன் பாட்டிகளின் குரல். திருத்தப்பட்ட பெயர்ப் பலகையில் அந்தக் குரல் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாகச் செய்த மாநிலம் ஒன்று உண்டு. எழுத்தைத் தொடாமல், 1881இல் ஆர்கன்சா சட்டமன்றம் தங்கள் பெயரை மூன்று அசையில், கடைசி 'எஸ்' ஒலிக்காமல் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கேட்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. அங்கே வாழ்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அதுவே பெயர் என்று ஒரு மன்றம் ஒப்புக்கொண்டது.

மீண்டும் லக்ஷ்மிபாய்க்கு வருகிறேன். அந்தப் பெயர் அவளுக்கு மணத்தின்போது வைத்தது, பிறந்தபோது மணிகர்ணிகா. குடியிருப்பின் ஆங்கிலப் பெயரை 'எக்ஸ்' போட்டு எழுதுகிறார்கள், ஜான்சி நிலையத்தில் 'கே எஸ் எச்'. எங்கள் அப்பத்தாவும் லட்சுமிதான். ரேஷன் கார்டில் லெட்சுமி, வாக்காளர் அட்டையில் இலட்சுமி, வங்கிப் புத்தகத்தில் லக்ஷ்மி. மூன்றும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அவள் முதியோர் உதவித்தொகைக்காக ஏழு மாதம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தாள். தெருவில் அத்தனை பேரும் அவளை 'லெச்சுமி' என்றார்கள். அந்தப் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. மலேசியத் தமிழர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த லெச்சுமியை ஏறக்குறைய அப்படியே எழுதிவிடுகிறார்கள் என்று பிற்பாடு அறிந்தபோது, அப்பத்தா அங்கே பிறந்திருந்தால் நடை மிச்சமாகியிருக்கும் என்று நினைத்தேன்.

மலேயா என்றதும் ஐ.என்.ஏ. வருகிறது. மார்க்கெட்டில் மீனும் கறிவேப்பிலையும் வாங்குகிறவர்களின் வாயில் அது மூன்றெழுத்து. விரித்தால் இந்திய தேசிய ராணுவம். 1943இல் சிங்கப்பூரில் அதன் ஜான்சிராணி படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் பிறந்து, 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பிற்காலத்தில் கேப்டன் லட்சுமி சைகல் என்று நாடு அறிந்தது. அவர் படையில் சேர்ந்த இளம்பெண்கள் பலர் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பெண்கள். ஜான்சியைப் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தப் பெயரை அவர்களும் என்னைப் போலவே அழுத்தமான 'ன்' வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த உச்சரிப்போடு துப்பாக்கி தூக்கினார்கள். ஜான்சியின் பெரியவர் சொன்ன ஒலியைக் கற்றுக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மதுரையில் பேசும்போது ஜான்சிராணி என்றே சொல்வேன். அந்தப் பெண்களின் பெயரும் அதில் இருக்கிறது.

கிளம்பும் நாளில் அக்கா மகளும் நிஜாமுதீன் வரை வந்தாள். பெட்டியின் பக்கவாட்டில் தொங்கிய பலகையில் மும்மொழியில் ஊர்ப்பெயர். அவள் இந்தியைப் படித்தாள்: "மதுரே." சென்னையை இந்தியில் எழுதும்போது கடைசியில் ஈகாரத்தைத் தனியே பிரித்து எழுதுகிறார்கள். மதுரைக்கு ஐகாரக் குறியே போடுகிறார்கள், அது இந்தி வாயில் ஏகாரம்போல் விரிந்துவிடும். அதை அவளே எனக்கு விளக்கினாள்.

"தமிழ்ல?"

"மதுரை."

"அப்பத்தா எப்படிச் சொல்லும்னு தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினாள். அப்பத்தா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது.

"மருத."

அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ரகரம் சரியாக விழவில்லை. மறுபடி சொன்னாள். ரயில் நகர்ந்த பிறகும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது தெரிந்தது.